வாளிக்கு முன் சருகு: சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் முறை

சமையலறைக் கழிவிலிருந்து உரம் தயாரிக்க முடிவு செய்தவர்கள் முதலில் விசாரிப்பது எந்தத் தொட்டி வாங்கலாம், எந்த நுண்ணுயிர்ப் பொடி நல்லது என்பதைத்தான். இவை இரண்டும் இல்லாமலேயே நல்ல உரம் தயாரித்துவிடலாம். சருகு இல்லாமல் தயாரிப்பது மிகக் கடினம். பத்தே நாளில் நாற்றமெடுத்து, புழு நெளிந்து, வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சிக் குப்பை வண்டியில் கொட்டப்படும் வாளிகளில் பெரும்பாலானவை சருகுப் பற்றாக்குறையால் கெட்டவையே. ஆகவே ஒரு சாக்கு நிறையக் காய்ந்த இலை சேரும்வரை ஒரு வெங்காயத் தோலைக்கூட வாளியில் போடாமல் இருப்பது நல்லது.

சென்னையைப் போன்ற தமிழ்நாட்டு நகரங்களில், மாடியிலோ பால்கனியிலோ வீட்டின் பின்கட்டிலோ கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு, நான்கைந்து பேர் சாப்பிடும் வீட்டின் கழிவை உரமாக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இங்கே முறைகள் சொல்லப்படுகின்றன. நிலமும் மாடும் உள்ளவர்களுக்கு எருக்குழி இருக்கிறது. அதன் கணக்கு வேறு.

சருகு எதற்கு?

மட்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதியைப் பார்ப்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான். அவற்றுக்கு ஆற்றல் தருவது கரிமம் எனப்படும் கார்பன். உடலை வளர்த்துப் பெருகுவதற்கு வேண்டியது தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிமம் இருக்கும்போது அவை மிக விரைவாக வேலை செய்கின்றன. காய்கறித் தோலும் பழத் தோலும் தேங்காய்ச் சக்கையும் கலந்த நம் வீட்டுக் கழிவில் இந்த விகிதம் பெரும்பாலும் இருபதுக்குக் கீழேயே இருக்கும். காய்ந்த இலையில் அது நாற்பதிலிருந்து எண்பது வரை போகும். இரண்டையும் சேர்த்தால் நடுவில் வந்து நிற்கும். சேர்க்காவிட்டால், மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகி மூக்கைத் துளைக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காய்கறிக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பூசணி, சுரைக்காய், தர்பூசணி போன்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அவை அழுகும்போது அந்த நீர் வெளியேறி, இடைவெளிகளை அடைத்து, காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. காற்று போனதும் காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஓய்ந்து, காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் பெருகுகிறது. சாக்கடை நாற்றம் என்று நாம் சொல்வது அந்தக் கூட்டத்தின் வேலை. சருகு நீரை உறிஞ்சிக்கொள்வதோடு, வாளியின் உள்ளே காற்றுப் போகும் வழிகளையும் திறந்து வைக்கிறது. எனவே சருகைக் கணக்குப் பார்த்துச் சிக்கனமாகப் போட வேண்டியதில்லை. கூடிப்போனால் உரமாக இரண்டு மூன்று வாரம் அதிகமாகும், அவ்வளவுதான். குறைந்துபோனால் வாளியே கெடும்.

சருகு சேர்க்கும் காலம்

தமிழ்நாட்டு நகரத் தெருக்களில் மாசி, பங்குனி மாதங்கள்தான் இதற்குப் பொற்காலம். வேம்பும் புங்கமும் அரசும் இலை உதிர்க்கும் அந்த ஐந்தாறு வாரங்களில் நான்கைந்து சாக்குகள் சேர்த்து வைத்துக்கொண்டால் ஓராண்டின் பெரும்பகுதிக்குப் போதும். வேப்பிலையின் கசப்பு நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். காய்ந்த வேப்பிலை நன்றாகவே மட்குகிறது, அதன் சிறிய இலை நொறுக்குவதற்கும் எளிது. நாட்டு வாதுமை இலை பெரிதாக இருந்தாலும் காய்ந்தபின் கையாலேயே நொறுங்கிவிடும். மாவிலையும் பலா இலையும் தோல் போலத் தடித்தவை. மட்க நெடுங்காலம் பிடிக்கும் என்பதால் வேறு இலைகளோடு கால் பங்குக்கு மிகாமல் கலப்பது நலம். தைல மர இலையையும் சவுக்கு ஊசியிலையையும் தவிர்த்துவிடலாம்.

தெருவில் அள்ளும் இலையோடு ஷாம்பூ பாக்கெட்டின் கிழிசலும் உடைந்த கண்ணாடியும் வரும் என்பதால், கையுறை போட்டுக்கொண்டு ஒரு முறை உதறிப் பார்த்துச் சாக்கில் கட்ட வேண்டும். தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால், இலையை மட்டும் தனியாகக் குவித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எரித்து ஊரைப் புகை மூட்டுவதைவிட அது எல்லோருக்கும் மேல். இலை முழுவதும் காய்ந்த பிறகு சாக்கின் வாயைக் கட்டி, அதன்மேல் ஏறி நன்றாக மிதித்தால் உள்ளே இருப்பது கால் பங்காக நொறுங்கிவிடும். நொறுங்கிய இலை விரைவில் மட்கும், இடமும் குறைவாகவே பிடிக்கும். மழை படாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சருகு கிடைக்காமல் போகலாம். அப்போது கடையில் ஐந்து கிலோ கட்டியாக விற்கும் தென்னை நார்க் கழிவை, அதாவது கோகோபீட்டைப் பயன்படுத்தலாம். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை அது உறிஞ்சும் என்பது இங்கே பெரிய வசதி. ஆனால் அதை உலர்ந்த நிலையில் உதிர்த்துத் தூவ வேண்டும். நீரில் ஊறவைத்துப் போட்டால் உறிஞ்சும் வேலையை அது ஏற்கெனவே முடித்துவிட்டு வந்திருக்கும். கழுவாத கோகோபீட்டில் உப்பு மிகுந்திருக்கும், ஆதலால் உப்பு நீக்கியது என்று சொல்லி விற்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. இதில் லிக்னின் என்னும் மரப்பொருள் அதிகம், எளிதில் மட்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவை மட்கச் செய்வதற்குச் சிப்பிக் காளான் வித்தைப் பயன்படுத்தும் முறையைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். ஆகவே உங்கள் வாளியில் கடைசிவரை அது பழுப்புத் துகளாகவே தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். மண்ணில் கலந்தபின் நீரைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்யும்.

முட்டை வரும் காகித அட்டை, பழைய செய்தித்தாள், கடலைத்தோல், காய்ந்த வாழைச் சருகு ஆகியவையும் உதவும். பளபளப்பான வண்ணக் காகிதம் வேண்டாம். மரத்தூளை வாங்குவதானால் எந்த மரம் என்று கேட்க வேண்டும். ஒட்டுப்பலகை அறுக்கும் கடையின் தூளில் பசை கலந்திருக்கும்.

தொட்டி

தொடங்குவதற்கு இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டு போதும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுத்தமாக உரித்துக் கழுவ வேண்டும். வாளியைச் சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியில், சுண்டுவிரலைவிடச் சிறிய துளைகளைப் போட்டு, அடியிலும் ஏழெட்டுத் துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். டிரில் இல்லாதவர்கள் கம்பியைக் காய்ச்சித் துளைப்பது வழக்கம்; அந்தப் புகை நல்லதன்று, திறந்த வெளியில் செய்யவும். துளைகளின் உட்புறமாகக் கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டால் ஈத் தொல்லை பாதி குறையும். மண் தொட்டியானால் சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும் என்பதால் வேலை இன்னும் எளிதாகும். கனமும் உடையும் அச்சமுமே அதன் குறைகள். மூன்று அடுக்காக வரும் மண்பானைத் தொகுதிகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன, பார்க்க அழகாக இருக்கும், விலை அதற்கேற்றபடி இருக்கும்.

வாளியை நேரடியாகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வைத்து, அடியில் ஒரு தட்டை வையுங்கள். கசியும் பழுப்பு நீர் தளத்தில் கறை பிடிக்கும். கீழ்வீட்டுக்காரரோடு வழக்கும் வரும். அந்தத் தட்டில் நீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு வாரம்கூட வேண்டாம், எனவே இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டிவிட வேண்டும். வெயில் நேராக விழாத, மழைச் சாரல் படாத இடமே சரியான இடம். மூடியின்மேல் ஒரு கல்லை வைத்தால் காகமும் பெருச்சாளியும் திறக்க மாட்டா.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. உரம் தயாரிக்கும் வீட்டில் ஈரக் கழிவை மறுபடியும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: சமைப்பதற்கு முன் விழுவது, சமைத்தபின் மிஞ்சுவது. புதியவர்கள் முதல் வாளியில் சமைப்பதற்கு முன் விழும் கழிவை மட்டும் போடுவதே அறிவுடைமை.

காய்கறித் தோல், கீரைத் தண்டு, கொத்தமல்லி வேர், பழத்தோல், கறிவேப்பிலைக் காம்பு, காபி ஃபில்டரிலிருந்து தட்டிய சக்கை, சாமிக்குச் சாத்திய பூ ஆகிய அனைத்தும் நல்ல சரக்கு. மாலையானால் நூலையும் ஜரிகையையும் உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள். வாழைநாரில் கட்டியது என்றால் அப்படியே போடலாம். டீத்தூள் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்ததாக இருந்தால் ஒரு முறை அலசிப் பிழிந்து போடாவிட்டால் எறும்பு வரிசை கட்டிவிடும். எலுமிச்சைத் தோலும் சாத்துக்குடித் தோலும் வேண்டாம் என்று சொல்வது மண்புழுத் தொட்டிக்கே முக்கியமாகப் பொருந்தும். இங்கே சிறியதாக நறுக்கிப் போட்டால் எந்தக் கெடுதலும் இல்லை. முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அது வாளியில் மட்காது, ஆறு மாதம் ஆனாலும் ஓடாகவே கிடக்கும். வெயிலில் காயவைத்து மிக்சியில் மாவாக்கிப் போட்டால்தான் மண்ணில் மெல்லக் கரையும்.

சிலவற்றுக்குப் பொறுமை மிக வேண்டும். மாங்கொட்டை, சோளக் கதிரின் தக்கை, சப்பிய முருங்கைச் சக்கை, கரும்புச் சக்கை, தேங்காய் நார் ஆகியவை ஒரு சுற்றில் மட்குவதில்லை. கொட்டாங்குச்சியைப் போடவே வேண்டாம். பொங்கல் முடிந்தபின் குவியும் கரும்புத் தோகையை விரற்கடை நீளத்துக்கு வெட்டிக் காயவைத்தால் அதுவே சருகுக்கு நல்ல மாற்று. ஆயுத பூசைக்கு உடைத்த பூசணிக்காயைப் போடும்முன் உள்ளே திணித்த காசைப் பொறுக்கிவிடுங்கள். பூசியிருக்கும் குங்குமச் சாயத்தின் தரம் தெரியாததால் அந்தத் தோலை விட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

சமைத்த உணவில் உப்பும் எண்ணெயும் புளியும் இருக்கின்றன. உப்பு வாளியில் எங்கும் போய்விடாது. உரத்தில் தங்கி, பிறகு தொட்டிச் செடியின் வேரைத் தாக்கும். ஊறுகாய், அப்பளம், எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை எப்போதும் விலக்குங்கள். மீந்த சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றை இரண்டாவது வாளியிலிருந்து சிறிய அளவில், நீர் வடித்து, உதிர்த்து, சருகோடு நன்றாகப் பிசறிப் போடலாம். சோறு கட்டியாக விழுந்தால் அந்த இடம் மட்டும் களிபோல் புளித்துக் கிடக்கும். மீன் செதிலும் இறைச்சிக் கழிவும் மாடி வாளிக்கு உகந்தவை அல்ல. தோட்டம் உள்ளவர்கள் ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம், அல்லது வெல்லத்தோடு ஊறவைத்து மீன் அமிலம் என்னும் திரவ உரம் தயாரிக்கலாம்.

நாய், பூனைக் கழிவு, குழந்தைகளின் டயப்பர், மாவுப்பூச்சி அப்பிய செடி, வைரஸ் நோயால் சுருண்ட மிளகாய் இலை ஆகியவற்றுக்கு இங்கே இடமே கிடையாது. கிருமிகள் சாக வேண்டுமானால் குவியலின் உள்வெப்பம் 55 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவுள்ள பெரிய குவியலில்தான் அது எளிதில் நடக்கும். இருபது லிட்டர் வாளி சூடாகும், ஆனால் அந்த அளவுக்குப் போகாது. தக்காளி விதையும் பூசணி விதையும் உயிரோடு தப்பி, உரம் போட்ட ரோஜாத் தொட்டியில் முளைத்து நிற்பதும் இதனால்தான்.

நிரப்பும் முறை

வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு நொறுக்காத முழுச் சருகையோ நறுக்கிய தேங்காய் நாரையோ பரப்புங்கள். இது வடிகால். அதன்மேல் இரண்டு கைப்பிடி தோட்டத்து மண்ணோ பழைய எருவோ தூவினால், வேலையைத் தொடங்க வேண்டிய நுண்ணுயிர்கள் அதிலேயே வந்துவிடும். கைப்பிடி சாணத்தை ஒரு குவளை நீரில் கரைத்துத் தெளிப்பதும், ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதும் இதே காரியத்துக்காகத்தான். புளித்து வீணான இட்லி மாவைச் சருகோடு பிசைந்து போடலாம். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். காய்ந்த இலையும் காற்றும் சரியாக இருந்தால் அது இல்லாததால் எந்த உரமும் நின்றுவிடாது.

அன்றாடக் கழிவை ஒரு வடிகட்டியில் சேர்த்து வைத்து, இரவில் ஒரே முறையாக வாளிக்குக் கொண்டுபோவது வசதி. பெரிய துண்டுகளை இரண்டு விரற்கடைக்கு மேல் இல்லாதபடி நறுக்கிவிடுங்கள். மிக்சியில் அரைத்துக் கூழாக்குவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கூழில் காற்றுக்கு வழியே இராது, அது வேண்டாம். ஒரு கிண்ணம் கழிவைக் கொட்டினால், அதே கிண்ணத்தால் ஒன்றிலிருந்து இரண்டு கிண்ணம் வரை நொறுக்கிய சருகைப் போட வேண்டும். தர்பூசணி நாளில் இரண்டு, வெங்காயத் தோலும் பட்டாணித் தோலுமாக இருக்கும் நாளில் ஒன்று. கோகோபீட்டானால் இதில் பாதி போதும். ஒரு குச்சியால் மேலடுக்கை மட்டும் லேசாகக் கிளறி, இறுதியில் கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி சருகால் மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு தோலும் பழ ஈக்கு வைத்த அழைப்பிதழ்.

வாரத்துக்கு இரு முறை அடிவரை கையைவிட்டோ சிறிய முள் கரண்டியாலோ கிளறுங்கள். பத்தாம் நாள் வாக்கில் கிளறும்போது உள்ளிருந்து இளஞ்சூடான ஆவி முகத்தில் அடிக்கும். வாழைப்பழத் தோல் கறுத்துக் குழைந்து சருகோடு ஒட்டியிருக்கும். இலைகளின் ஓரத்தில் வெண்மையான பூஞ்சை இழைகள் பஞ்சு படர்ந்ததுபோல் ஓடும். புதியவர்கள் இந்த வெண்மையைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவது உண்டு. அது வேலை நடப்பதற்கான அடையாளம், கிளறிவிட்டாலே போதும்.

ஈரம் சரியா என்று அறியப் பழைய சோதனை ஒன்றே போதுமானது. உள்ளிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் எட்டிப் பார்த்து, கையைத் திறந்ததும் உருண்டை நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் ஈரம் நூற்றுக்கு ஐம்பது அறுபது என்ற அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். நீர் ஒழுகினால் சருகு சேருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் அரிசி கழுவிய நீரைத் தெளியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதல் நிலையும், அக்கினி நட்சத்திர நாட்களில் இரண்டாம் நிலையும் அடிக்கடி நேரும். கோடையில் வாளி காய்ந்துபோனால் எறும்பு வந்து கூடுகட்டும்; எறும்பைக் கண்டால் மருந்தைத் தேடாமல் தண்ணீரைத் தெளிக்க வேண்டும்.

தொல்லைகள்

அழுகல் நாற்றம், சாக்கடை நாற்றம் என்றால் காற்று இல்லை என்று பொருள். முழுவதையும் ஒரு பழைய சாக்கின்மேல் கொட்டி, கட்டிகளை உடைத்து, அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டு, அதன் அளவில் பாதிக்குச் சருகைக் கலந்து மறுபடியும் நிரப்பினால் இரண்டே நாளில் நாற்றம் அடங்கிவிடும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடிக்கும் சருகே மருந்து. சுண்ணாம்பைத் தூவுவது அந்த நெடியை அதிகமாக்கும். பலர் செய்யும் வேலை இது, செய்ய வேண்டாம்.

புழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இம்முயற்சியைக் கைவிடச் செய்வது பெரும்பாலும் அவைதான். தட்டையாக, கணுக்கணுவாக, பழுப்பு நிறத்தில் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருப்பவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்னும் ஈயின் புழுக்கள். இவை கழிவை வெகு வேகமாகத் தின்று செரிக்கின்றன. வளர்ந்த ஈ உணவில் மொய்ப்பதோ மனிதரைக் கடிப்பதோ இல்லை. கோழி, மீன் வளர்ப்பவர்கள் இந்தப் புழுவைத் தீவனத்துக்காகவே வளர்க்கிறார்கள். அருவருப்பைத் தாங்க முடிந்தால் அப்படியே விட்டுவிடலாம். வெள்ளையாக, சிறியதாக, ஒரு முனை கூர்மையாக நெளிபவை வீட்டு ஈயின் புழுக்கள். அவை இருந்தால் வாளி மிகவும் ஈரமாக இருக்கிறது, மேலே மூடவும் இல்லை என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து அடிப்பது வீண். இரண்டு விரல் கனத்துக்கு உலர்ந்த சருகோ கோகோபீட்டோ போட்டு மூன்று நாள் புதிய கழிவு எதுவும் சேர்க்காமல் இருந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். வேப்பம் புண்ணாக்குத் தூளை ஒரு கைப்பிடி தூவலாம்.

வாளியிலிருந்து கசியும் நீரை அமுதம்போலப் பேசுவோர் இருக்கிறார்கள். முழுதும் மட்காத கழிவிலிருந்து வடிவது அது. அதில் கிருமிகள் இருக்கக்கூடும், உப்பும் இருக்கும். பத்து மடங்கு நீர் சேர்த்து மரத்தடியிலோ பூச்செடியின் வேரிலோ ஊற்றலாம். கீரைப் பாத்தியிலும் பச்சையாகத் தின்னும் காய்களின்மேலும் ஊற்றக் கூடாது. அடிக்கடி கசிகிறது என்றால் சருகு போதவில்லை.

முதிர்ச்சி

நான்கு பேர் வீட்டில் நாளொன்றுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கழிவு விழுவதாக வைத்துக்கொண்டால், போடப்போட அடங்கிக்கொண்டே போவதால் ஒரு வாளி நிரம்ப மூன்று நான்கு வாரமாகும். நிரம்பியதும் மேலே சருகைப் பரப்பி மூடி, தேதியை எழுதி ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது வாளியைத் தொடங்க வேண்டும். மூடிய வாளியை வாரம் ஒரு முறை கிளறி ஈரம் பார்த்தால் போதும். நம் ஊர் வெப்பத்தில் இது நாற்பத்தைந்து நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உரமாகிவிடும். மழைக்காலத்தில் கொஞ்சம் தாமதமாகும். முதல் வாளி முதிர்வதற்குள் இரண்டாவதும் நிரம்பிவிடும் என்பதால் மேலும் ஓரிரு வாளிகள் வேண்டியிருக்கும்.

முடிந்துவிட்டதா என்பதற்கு நாள் கணக்கை நம்ப வேண்டாம். அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். சூடு இருக்கக் கூடாது. எந்தத் தோல் எது என்று அடையாளம் தெரியக் கூடாது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசம் வர வேண்டும். ஐயமிருந்தால் ஒரு கைப்பிடியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாசமோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். இதைவிட உறுதியான சோதனை விதை முளைப்பு: ஒரு கொட்டாங்குச்சியில் உரமும் மண்ணும் சரிபாதி கலந்து, மற்றொன்றில் மண்ணை மட்டும் நிரப்பி, இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயத்தை விதைத்தால், ஐந்தாறு நாளில் விடை தெரிந்துவிடும். உரமிட்டதில் முளைப்பு குறைந்தோ முளையின் வேர்நுனி கருகியோ இருந்தால் உரம் முதிரவில்லை, அல்லது உப்பு மிகுந்திருக்கிறது.

முதிர்ந்த உரத்தை நிழலில் ஒருநாள் பரப்பி உலர்த்தி, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மேலே தங்கும் மாங்கொட்டை, காம்பு, நார் அனைத்தையும் அடுத்த வாளியின் அடியில் போடலாம். அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களால் புதிய வாளிக்கு மோரும் சாணமும் தேவைப்படாது. சலித்ததை முற்றிலும் காயவிடாமல், சற்று ஈரத்தோடு, சணல் சாக்கில் நிழலில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம்.

செடிக்கு எவ்வளவு?

புதிய தொட்டி நிரப்புவதற்குச் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மட்கு, அதாவது வாளியில் முதிர்ந்த உரம், ஒரு பங்கு என்ற கலவை கீரைக்கும் பெரும்பாலான காய்கறிகளுக்கும் ஒத்துவரும். வளர்ந்த செடிக்கு மாதம் ஒரு முறை, பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வீதம், தண்டை ஒட்டாமல் ஓரமாகத் தூவி மேல்மண்ணோடு கொத்திவிட்டு நீர் ஊற்ற வேண்டும். தண்டில் குவித்தால் அழுகல் வரும். மட்கை மட்டுமே நிரப்பி அதில் நடுவதும் தவறு. அது மட்கிக்கொண்டே போவதால் சில மாதங்களில் தொட்டி பாதியாக இறங்கிவிடும், நீரும் சரியாக வடியாது.

அரைகுறையாக மட்கியதையோ பச்சைத் தோலையோ நேரே தொட்டியில் புதைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது அங்கே அழுகத் தொடங்கும்போது வேரைச் சுற்றியுள்ள காற்றை நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொள்ளும், சூடும் எழும். நார் மிகுந்த பொருளானால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்வதால், செடி வளர்வதற்குப் பதில் வெளிறிப்போகும். வாழைப்பழத் தோலை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து ஊற்றும் முறையும் அவ்வளவு பயனுடையது அன்று. அந்தத் தோலில் உள்ள சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், முழுவதும் செடிக்குக் கிடைக்க வேண்டுமானால் அது வாளிக்குள் மட்கிச் செல்வதே நேர்வழி.

வீட்டு மட்கின் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் தழைச்சத்து பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரைதான் இருக்கும். யூரியாவில் அது 46. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ மட்கில் ஏறத்தாழ பத்துக் கிராம் தழைச்சத்து இருக்கும், அதுவும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகவே வெளிப்படும். மண்ணைப் பொலபொலப்பாக்குவதிலும் நீரைப் பிடித்து வைப்பதிலும் மட்குக்கு இணையில்லை. ஆனால் தொட்டியில் நின்று தொடர்ந்து காய்க்கும் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் பசிக்கு அது மட்டும் போதாது. பூக்கத் தொடங்கும் சமயத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மேலும் அதே அளவு தண்ணீரோடு கலந்து வேருக்கு ஊற்றலாம். ஊறிய சக்கையைத் தொட்டியில் போட்டால் எறும்பும் எலியும் வரும். சருகோடு கலந்து வாளியில் சேர்த்துவிடுங்கள்.